எடையை எழுதினேன், சொன்னதை எழுதவில்லை

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநல மருத்துவத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 31 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றவள். ஊரார் வாயில் அது இன்றும் பால்வாடிதான். நான் இன்றும் டீச்சர்தான். மாதம் ஒருமுறை உத்திரத்தில் சால்டர் தராசைத் தொங்கவிட்டு, அதில் மாட்டிய துணிப்பையில் பிள்ளையை உட்காரவைத்து, முள் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து எடையைக் குறிப்பது என் வேலைகளில் ஒன்று. பிசகாமல் எழுதுவேன். என் நோட்டுகளைப் பார்த்து மேற்பார்வையாளர்கள் பாராட்டியதுண்டு. முற்பிறவி நினைவு போல ஒரு பிள்ளை சொன்னதை அந்த நோட்டில் எழுதாமல் விட்டேன்; அதைப் பற்றித்தான் இந்த மடல்.

1999ஆம் ஆண்டு ஆடி மாதம். மூன்றரை வயதுப் பையன் ஒருவனைத் தராசில் உட்காரவைத்தேன். மற்ற மாதங்களில் சிரித்துக்கொண்டே ஆடுகிறவன், அன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். இறக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னவென்று கேட்டேன். தன் லாரி கணவாயில் இப்படித்தான் ஆடியது என்றான். கிளீனர் குதித்துவிட்டான், தன்னால் குதிக்க முடியவில்லை என்றான். வீட்டில் பாப்பா இருக்கிறது, கறுப்பு மாடு இருக்கிறது, அங்கே போக வேண்டும் என்றான். ஆயாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அவன் கையில் ஒரு சத்துமாவு உருண்டையைக் கொடுத்துவிட்டு, 12 கிலோ 300 கிராம் என்று எழுதிவிட்டு, அடுத்த பிள்ளையைத் தூக்கினேன்.

கணவாய் என்றால் எங்களுக்குத் தொப்பூர்க் கணவாய்தான். சேலத்திலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் அந்த இறக்கத்தில் லாரி கவிழ்ந்த செய்தியைக் கேட்டு வளராத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. பையனின் அப்பாவும் அம்மாவும் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். அவன் பாட்டியிடம் வளர்ந்தான். அவனுடைய தாய்மாமன் மாங்காய் ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்தவர் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். ஆனால் அவன் சொன்னது ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பாட்டி குறி கேட்கப் போனார். வடகிழக்குத் திசையில் விசாரிக்கச் சொன்னார்களாம். விசாரித்தால் கிடைக்காமலா போகும்? காவேரிப்பட்டினத்தை அடுத்த ஒரு கிராமத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொப்பூரில் இறந்த டிரைவர் ஒருவரின் குடும்பம் கிடைத்தது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம்தான்.

ஒரு வேன் பிடித்து 14 பேர் போனோம். நானும் போனேன். இதை மறைத்து இந்த மடலை எழுத எனக்கு உரிமை இல்லை.

அங்கே நடந்தது என் கண்ணில் இன்னும் நிற்கிறது. மாலை போட்டிருந்த ஒரு படத்தின் முன்னால் பையனை நிறுத்தி, "இது யார், நீதானே?" என்று கேட்டார்கள். ஒரே படம்தான் இருந்தது. அவன் தலையாட்டினான். எட்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை அவன் முன்னால் கொண்டுவந்து, "இது உன் பாப்பாதானே?" என்றார்கள். அதற்கும் தலையாட்டினான். கூட்டத்தில் ஒரு பெண் குலவையிட்டார். கொட்டிலில் இருந்தது செவலை மாடு. கறுப்பு மாடு எங்கே என்று யாரோ கேட்க, முன்பு ஒரு எருமை இருந்தது என்று யாரோ சொல்ல, நாங்கள் திரும்பி வேனில் ஏறும்போது அது, டிரைவர் இறந்த துக்கத்தில் விற்றுவிட்ட கறுப்பு மாடாகவே ஆகிவிட்டிருந்தது. ஒரு மாதம் கழித்து, பையன் லாரியின் நம்பரைச் சொன்னான் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து, சாகும்போது டிரைவர் பையில் இருந்த பணத்தைச் சரியாகச் சொன்னான் என்றார்கள்.

நம்பரை அவன் சொல்லவில்லை. அது எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால், மருத்துவர்களே, என் நெஞ்சை அறுக்கும் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த முதல் நாள் என் மடியில் உட்கார்ந்து "கறுப்பு மாடு" என்று அவன் சொன்னானா? அல்லது காவேரிப்பட்டினத்திலிருந்து திரும்பிய பிறகு என் நினைவு அதை அந்த ஆடி மாதத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டதா? ஆயாவைக் கேட்டேன். மாடு என்றுதான் சொன்னான், கறுப்பு என்று சொல்லவில்லை என்கிறார். நான் மேலே எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். என் கை கறுப்பு என்றே எழுதியிருக்கிறது. அன்று அவன் எடை எவ்வளவு என்று கேட்டால் கிராம் கணக்கில் சொல்வேன், ஏனென்றால் எழுதியிருந்தேன். அவன் வாயிலிருந்து வந்த சொல் எது என்று கேட்டால் சொல்ல முடியாது.

என் மகள் உளவியல் படித்தவள். இந்தக் கதையை அவளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. சில ஆங்கிலக் கட்டுரைகளைக் கொண்டுவந்து தந்தாள். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் அகராதியும் அவளும் துணையாக இருக்க, வரி வரியாகப் படித்தேன். எங்கள் பால்வாடித் திண்ணையில் நடந்தது போன்றவற்றை உலகத்தில் சிலர் 60 ஆண்டுகளுக்கு மேலாக உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் நம் மாவட்டங்களில் ஒன்றும் நடக்கவில்லையே என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறைக்கு 1957இல் தலைவராக வந்தவர் இயான் ஸ்டீவன்சன். முற்பிறவி நினைவிருப்பதாகச் சொல்லும் சிறு பிள்ளைகளைப் பார்க்க 1961இல் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார். நாலைந்து பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று வந்தவருக்கு, சில வாரங்களில் 25 பேர் கிடைத்தார்கள். அதன்பின் இலங்கை, பர்மா, தாய்லாந்து, துருக்கி, லெபனான், அலாஸ்கா என்று அலைந்தார். ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் பணம் கொடுத்து உதவினார். 1967இல் இதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு தனிப் பிரிவு உருவானது; அது இன்றும் நடக்கிறது. 2007இல் ஸ்டீவன்சன் இறந்தபோது அங்கே ஏறக்குறைய 2,500 பிள்ளைகளின் கோப்புகள் சேர்ந்திருந்தன.

அந்தக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சாயலைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பிள்ளைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் பேசத் தொடங்குகிறார்கள். ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் பேச்சு நின்றுவிடுகிறது, பெரும்பாலும் மறந்தும் போகிறது. அவர்கள் சொல்லும் இறந்த மனிதர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விபத்திலோ கொலையிலோ வேறு அகால மரணத்திலோ போனவர்கள். அந்தச் சாவோடு தொடர்புடைய பொருளைக் கண்டு பிள்ளை அஞ்சுவதும் உண்டு. என் தராசில் ஆடிய பையன் இதற்குள் அப்படியே அடங்குகிறான்.

அதற்காக அவனே அந்த டிரைவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டீவன்சனே அப்படிச் சொன்னவர் அல்லர். 1966இல் வெளிவந்த தன் நூலுக்குத் தலைப்பு வைக்கும்போது மறுபிறவியை 'மெய்ப்பிக்கும்' நிகழ்வுகள் என்று எழுதாமல், 'சுட்டும்' நிகழ்வுகள் என்றுதான் எழுதினார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் மேல் எனக்கு மரியாதை பிறந்தது. தான் இறந்த பிறகும் ஏதாவது மிஞ்சுமா என்று சோதிக்க, தனக்கு மட்டும் தெரிந்த எண்களை வைத்து ஒரு பூட்டைப் பூட்டி அலுவலகத்தில் விட்டுப் போனார். இறந்த பின் முடிந்தால் யார் மூலமாவது அந்த எண்களைச் சொல்லி அனுப்புவதாகத் திட்டம். அந்தப் பூட்டு திறந்ததாக எந்தச் செய்தியும் இல்லை. தன் நம்பிக்கையைத் தானே சோதனைக்கு வைத்துவிட்டுப் போன மனிதர் என்று அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அவரை மறுத்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மறுத்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர்: தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவத் துறையை நடத்திய பேராசிரியர் சி.டி.கே. சாரி. மறுபிறவியை எல்லோரும் நம்புகிற சமூகத்தில், பிள்ளையின் உளறலும் பெரியவர்களின் விருப்பமும் சேர்ந்து தானாகவே இப்படி ஒரு கதையைப் பின்னிவிடும் என்பது அவருடைய வாதம். வெளியிலிருந்து வருகிற ஒருவருக்கு அந்தப் பின்னல் கண்ணில் படாது என்றும் சொன்னார். காவேரிப்பட்டினத்தில் எருமை மாடாக மாறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். சாரியை நான் எப்படி மறுப்பேன்? ஸ்டீவன்சனிடமே உதவியாளராக வேலை பார்த்த சாம்ப் ரான்சம் என்ற வழக்குரைஞரோ இன்னும் கடுமையாக எழுதினார்: தான் பார்த்த 1,111 நிகழ்வுகளில், ஆய்வாளர் போவதற்கு முன் இரண்டு குடும்பங்களும் சந்திக்காமல் இருந்தவை 11தான்.

இந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வேன் போலவே எத்தனை வேன்கள் போயிருக்கின்றன!

டெல்லியில் சாந்தி தேவி என்ற சிறுமி, தான் மதுராவில் பிள்ளை பெற்றுச் சில நாளில் இறந்துபோன லுக்தி தேவி என்று சொன்னதை வயதானவர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். காந்தியடிகளே அக்கறை காட்டி, 15 பேர் கொண்ட குழு 1935இல் அவளை மதுராவுக்கு அழைத்துப் போனது. நாடே பேசியது. ஆனால் குழு புறப்படும் முன்பே இறந்தவரின் கணவரும் அவருடைய உறவினரும் டெல்லிக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அத்தனை பெரிய மனிதர்கள் கூடியும் முதல் படியிலேயே தடயம் கலைந்துவிட்டது. அவள் சொன்னதெல்லாம் பொய் என்று இதனால் ஆகிவிடாது. மெய்யா என்று இனி ஒருபோதும் தெரியாது என்றுதான் ஆகிறது. இப்போது சாந்தி தேவியும் இல்லை.

நான் படித்ததிலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது 1998இல் ஷௌட்டன் என்ற நெதர்லாந்து ஆய்வாளரோடு ஸ்டீவன்சன் சேர்ந்து எழுதிய கட்டுரை. இந்தியாவிலும் இலங்கையிலும், குடும்பத்தைத் தேடிப் போகும் முன்பே பிள்ளை சொன்னதைக் காகிதத்தில் எழுதிவைத்த 21 நிகழ்வுகளை, பிறகு எழுதிய 82 நிகழ்வுகளோடு ஒப்பிட்டார்கள். ஊரார் வாயில் வளர்ந்த கதைகள்தான் என்றால், பிறகு எழுதியவற்றில் சரியாகப் பொருந்துபவை கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. இரண்டிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். அதுமட்டும் இல்லை, முன்பே எழுதியவற்றில் பிள்ளை சொன்ன செய்திகளின் எண்ணிக்கைதான் அதிகம். வாய்வழிக் கதை வளரும் என்று நான் நினைத்திருந்தேன். உதிரவும் செய்யும் போலிருக்கிறது. ஆனாலும் 21 என்பது என்ன எண்? என் ஒரு பால்வாடியில் ஓர் ஆண்டு படித்த பிள்ளைகளின் எண்ணிக்கை அது. இத்தனை ஆண்டுத் தேடலில், இரண்டு நாடுகளில், எழுதிவைத்துவிட்டுத் தேடியவை 21தானா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

எங்களைப் போல ஒருத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தால் 22 ஆகியிருக்கும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் நம் மக்களுக்கு அந்நியமான இடம் இல்லை. வலிப்புக்கும் மனநோய்க்கும் விடிகாலை பஸ் பிடித்து ஓசூர் வழியாக அங்கே போய் வரிசையில் நிற்பவர்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் ஏராளம். அதே நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறையில் பணியாற்றிய டாக்டர் சத்வந்த் பஸ்ரிச்சா, 1970களிலிருந்து இந்த ஆராய்ச்சியைச் செய்தவர். ஆக்ரா மாவட்டத்து ஃபதேஹாபாத் பகுதிக் கிராமங்களில் அவரும் இன்னொருவரும் முறையாகக் கணக்கெடுத்து, ஆயிரம் பேருக்கு இரண்டு பேர் என்ற அளவில் இப்படிப்பட்டவர்கள் இருப்பதாக எழுதினார்கள். பின்னர் 2001இல் அவர் எழுப்பிய கேள்வி நமக்கானது: தென்னிந்தியாவில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவாகக் கேள்விப்படுகிறோம்? மறுபிறவியை வடக்கில் நம்புவது போலத்தானே இங்கும் நம்புகிறார்கள்?

உண்மையில் நம்புகிறோம். தாத்தா இறந்த ஆண்டில் பேரன் பிறந்தால் அவரே வந்துவிட்டார் என்கிறோம். அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்த வீட்டில் அடுத்து வந்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்றும், குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும் பெயர் வைத்தவர்கள் நம் பாட்டன்மார். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, அம்பை மறுபிறப்பு எடுத்துச் சிகண்டியாக வந்து பீஷ்மரைப் பழிதீர்ப்பதை விடிய விடியக் கண் கொட்டாமல் பார்க்கிறோம். நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் பிள்ளைகள் ஏன் பேசவில்லை?

எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. 31 ஆண்டு இந்த ஊர் வீடுகளுக்குள் போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். சரியா தவறா என்று சோதிக்க வேண்டியவர்கள் நீங்கள். பிள்ளைகள் பேசுகிறார்கள். ஆனால் நாம் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம். வடக்கில் ஒரு பிள்ளை, நான் முன்பு இன்னாராக இருந்தேன் என்றால் அது முற்பிறவி. இங்கே அதே பிள்ளை அதே சொல்லைச் சொன்னால், செத்துப்போன இன்னார் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார் என்பது பொருள். உடனே வேப்பிலை, விபூதி, கறுப்புக் கயிறு, பூசாரி. பிள்ளை அதன்பிறகு ஏன் வாயைத் திறக்கப் போகிறது? வடக்கிலும் பிள்ளைகளை அடக்குவது உண்டு. இப்படிப் பேசுகிற பிள்ளைக்கு ஆயுசு குறைவு என்ற பயத்தில் அடிப்பதும், குயவர் சக்கரத்தில் உட்காரவைத்து எதிர்ப்புறமாகச் சுற்றுவதும் அங்கே நடந்திருக்கின்றன. ஆனாலும் அங்கே அது முற்பிறவிப் பேச்சு என்றே எண்ணப்படுகிறது. இங்கே அது பேய்க் கணக்கில் போய்விடுகிறது. ஒரே மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்தைவிட இந்தக் கேள்வியை ஆராய நல்ல இடம் எது? எந்த மொழி வீட்டில் எந்தப் பெயர் வைக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இதைப் படிக்கும் பகுத்தறிவாளர்கள், மூடநம்பிக்கைக்கு அரசு மருத்துவக் கல்லூரியைக் கூப்பிடுகிறாளே என்று கோபப்படுவார்கள். அவர்களையும் நான் மதிக்கிறேன். என் தந்தை அந்த வழியில் வந்தவர். ஆனால் கண்ணை மூடிக்கொள்வது பகுத்தறிவு என்று அவர் எனக்குக் கற்றுத்தரவில்லை. கார்ல் சேகன் என்ற வானியல் அறிஞர் மறுபிறவியை நம்பாதவர். போலி அறிவியலை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர். அவரே தன் கடைசி ஆண்டுகளில், முறையாக ஆராயத் தக்க மூன்று செய்திகளில் ஒன்றாகச் சிறு பிள்ளைகளின் இந்தப் பேச்சைக் குறிப்பிட்டார்.

நம் மயிலாடும்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தோண்டிய அந்த இடத்தில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டுப் பழமை என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தபோது ஊரே பெருமைப்பட்டது. தமிழன் பழமையானவன் என்று மேடையில் சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் பெருமைக்குப் பொருள் இருந்திருக்குமா? மண் அடுக்கைக் கலைக்காமல் தோண்டினார்கள். எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்று அங்கேயே எழுதினார்கள். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, எண் வரும்வரை வாய் திறக்காமல் காத்திருந்தார்கள். ஒரு குழந்தையின் பேச்சும் அப்படிப்பட்ட மண்தான். முதலில் போகிறவன் அடுக்கைக் கலைத்துவிட்டால் பின்னால் வரும் எந்த அறிஞராலும் அதைத் திரும்ப அடுக்க முடியாது. இந்த மாவட்டத்து வயல் வரப்புகளில் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசன் காலம், எந்த ஊர், எந்த ஆநிரைச் சண்டையில் யார் இறந்தான் என்று கல்லில் எழுதிவைத்த மண் இது. இறந்தவரைப் பற்றி எழுதுவது நமக்குப் புது வேலை இல்லை.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. படுக்கவைத்து, அறிதுயிலில் (ஹிப்னாடிசத்தில்) ஆழ்த்தி, முற்பிறவிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் 'சிகிச்சை' இப்போது நம் சிறு நகரங்கள் வரை வந்துவிட்டது. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, தலைவலிக்குப் போய், முந்தைய பிறவியில் தன் மாமியார் தனக்கு விஷம் வைத்ததாக நம்பிக்கொண்டு திரும்பிவந்தாள். அந்த வீடு இன்னும் சேரவில்லை. கனடாவில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் என்ற உளவியலாளர் 1991இல் காட்டியது இதுதான்: அறிதுயிலில் ஆழ்த்துகிறவர் முன்கூட்டி என்ன சொல்லிவைக்கிறாரோ அதற்கேற்பவே 'முற்பிறவி' வரும். 1995இல் எலிசபெத் லாஃப்டஸ் அமெரிக்காவில் 24 பேரிடம், சிறு வயதில் நீங்கள் ஒரு கடைவளாகத்தில் தொலைந்துபோனீர்கள் என்று நடக்காத ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். நான்கில் ஒருவருக்கு அது 'நினைவு' வந்தது. வளர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், "இது உன் பாப்பாதானே?" என்று 14 பேர் சுற்றி நின்று கேட்டால் மூன்றரை வயதுப் பையன் என்ன செய்வான்? ஸ்டீவன்சனும் அறிதுயில் முறையை நம்பத்தகாதது என்றே ஒதுக்கினார். உங்கள் துறைகள் இந்த வியாபாரத்தைப் பற்றி மக்களுக்கு வெளிப்படையாக ஓர் எச்சரிக்கை தர வேண்டும். அதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, இன்றே செய்யலாம்.

காவேரிப்பட்டினத்து டிரைவரின் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு உயிர் இல்லை. அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் வேனில் வந்து இறங்கிய அன்று அவள் அழவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமாதத்திலிருந்து மாதா மாதம் பஸ் ஏறி வரத் தொடங்கினாள். முறுக்கு, சட்டை, தீபாவளிக்குப் பட்டாசு. பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "என்னங்க" என்றும் கூப்பிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாட்டிக்குச் சங்கடம், அவன் அம்மாவுக்குக் கோபம். பையனுக்கு ஏழு வயதானபோது எல்லாம் மறந்துவிட்டது. அவள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அதைப் பார்த்துவிட்டு அன்று கடைசி பஸ்ஸில் போனவள்தான், திரும்ப வரவில்லை. கணவனை அவள் இரண்டு முறை இழந்தாள். இரண்டாவது இழப்புக்குக் காரணமானவர்களில் நானும் ஒருத்தி. என் மனத்தை மிகவும் அரிப்பது அந்த ஆராய்ச்சிக் கேள்வியைவிட இதுதான்.

பையன் இப்போது நல்ல வேலையில் இருக்கிறான், கல்யாணமாகிவிட்டது. ஒருநாள் கேட்டேன். "நான் அப்படியா சொன்னேன் டீச்சர்?" என்றான். வேறொன்றும் அவனுக்குத் தெரியவில்லை.

அன்றைக்காவது வேன் ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு கையிலும் கேமரா. சென்ற ஆண்டு ஒரு சிறுமி இப்படி ஏதோ சொன்னாள் என்று கேள்விப்பட்டு நான் விசாரிக்கப் போவதற்குள் அவள் முகம் செல்போன்களில் ஆயிரக்கணக்கானோர் பார்வைக்குப் போய்விட்டது. கேட்பவர் பின்னாலிருந்து கேட்கிறார். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்கிறது. அம்மா தலையசைத்தால் ஆமாம், புருவம் சுருங்கினால் இல்லை. ஐஸ்லாந்துப் பேராசிரியர் எர்லெண்டூர் ஹரால்ட்சன் இலங்கையிலும் லெபனானிலும் இத்தகைய பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர். இவர்களில் பலரிடம், பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் காணும் அச்சங்களும் கொடுங்கனவுகளும் இருப்பதாக எழுதினார். முற்பிறவி மெய்யோ பொய்யோ, அந்தப் பிள்ளையின் பயம் மெய். அதற்கு முன்னால் கேமராவை நீட்டுவது கொடுமை.

இனி நான் கேட்பது. பெரிய நிதி எதுவும் கேட்கவில்லை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை, இந்தப் பேச்சு தொடங்கும் காலம் முழுக்கப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? பால்வாடியில். உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளருக்கும் கிடைக்காத காதுகள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஊர்தோறும் இருக்கின்றன. அந்தக் காதுகளுக்கு ஒரு பக்கக் காகிதத்தையும் அரை நாள் பயிற்சியையும் தாருங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் அதன் சொந்தச் சொற்களில், அது பேசிய மொழியிலேயே, அன்றே எழுத வேண்டும். எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் கேட்ட கேள்வியையும் எழுத வேண்டும். எழுதியதை உறையிட்டு ஒட்டி, நாள் போட்டு, அன்றோ மறுநாளோ உங்கள் துறைக்கு அனுப்ப வேண்டும். அது உங்கள் கையில் சேர்ந்து, நீங்கள் ஆள் அனுப்பும்வரை யாரும் எந்தக் குடும்பத்தையும் தேடிப் போகக் கூடாது. குடும்பங்கள் ஏற்கெனவே சந்தித்துவிட்டன என்றால் அதை மறைக்காமல் மேலேயே குறிக்க வேண்டும்; அப்படிப்பட்ட பக்கத்துக்கும் மதிப்பு உண்டு, வேறு வகையில். பிள்ளையின் பெயரும் படமும் உங்கள் துறையைத் தாண்டக் கூடாது. பிள்ளைக்குப் பயம், கனவு, தூக்கமின்மை இருந்தால் மாவட்ட மனநலத் திட்டத்து உளவியலாளர் போய்ப் பார்க்க வேண்டும். இறந்தவரின் வீட்டுக்குப் போக நேர்ந்தால், முதலில் அங்கே இருப்பவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் ஆராய்ச்சி அதோடு நிற்க வேண்டும்.

பத்து ஆண்டு கழித்து இந்த உறைகளைப் பிரித்து ஒரு மாணவரோ மாணவியோ பட்டமேற்படிப்பு ஆய்வேடு எழுதலாம். ஒன்றும் பொருந்தவில்லை என்று முடிவு வந்தால் அதுவும் உலகத்துக்கு வேண்டிய விடைதான். சாரி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். விளக்க முடியாமல் இரண்டு மூன்று நின்றால், அவற்றை நிம்ஹான்ஸுக்கு அனுப்புங்கள், வர்ஜீனியாவுக்கு அனுப்புங்கள், மறுப்பவர்களுக்கும் அனுப்புங்கள்.

எனக்கு இப்போது 66 வயது. பயிற்சி நடந்தால் நானே வந்து பணியாளர்களிடம் பேசத் தயாராக இருக்கிறேன். பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கும் வந்துவிடுவேன். பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் நாள், நேரம். அடுத்தது, பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது. அடுத்தது, வீட்டில் யார் யார், அவர்களுக்கு என்ன வேலை, அண்மையில் அந்த வீட்டில் யாருடைய சாவைப் பற்றிப் பேசினார்கள். கிளீனராக இருந்த தாய்மாமனை நான் கேட்காமல் விட்டது இந்தக் கட்டத்தில்தான். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன், பிள்ளை சொன்னதற்கு. கடைசியில் கூட இருந்து கேட்டவரின் கையெழுத்துக்கு ஒரு வரி. ஆயா இருந்தால் ஆயா போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.